கொம்பையா ரயிலேறிய பிறகு

ஏழே முக்காலுக்கு கிரைண்டரை நிறுத்திவிடுவோம்.
பாதி அரைபட்ட உளுந்து
கால்மணி நேரம் கல்லிலேயே கிடக்கும்.
வரிசையில் பதினொரு வீடு, பதினொரு கல்.
அத்தனையும் ஒரே மூச்சில் அடங்கினால்
தாராவியில் எங்கள் சந்துக்குத் தெரியும்,
‘பத்துக்கண் மடை’ ஆரம்பிச்சாச்சு.

போனைக் குண்டானுக்குள் வைப்பாள் இசக்கி,
சத்தம் பெருகும் என்று.
எவர்சில்வருக்குள்ளிருந்து வருகிற அந்த ஊரில்
பதினேழு வருஷமாக ஒரே மாடுதான்.
பண்ணையார் தொழுவத்தில் கத்துவதும் அது,
ஜப்தியான வீட்டில் கத்துவதும் அது.
கன்று செத்த அன்றைக்கும்
அதே அளவுதான் கத்தியது.
மழை என்றால் முறத்தில் அரிசி கொட்டுகிறார்கள்.
புழுங்கலரிசி என்கிறாள் புஷ்பலீலா.
எங்களுக்கா தெரியாது.

எங்களில் ஒருவருக்கும் ஒரு சென்ட் நிலமில்லை.
நான் சயான் ஆஸ்பத்திரியில் பிறந்தவள்.
ஆனாலும் குருத்துப்பூச்சிக்கு வேப்பங்கொட்டைச் சாறு
ஐந்து சதவீதம் என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
பின்னே?
கல்யாணப் பேச்சு முறிகிற இடத்தில்கூட
மாப்பிள்ளையின் தகப்பன் ஒரு நிமிஷம் நின்று
விதைநேர்த்தி பற்றி விளக்கிவிட்டுத்தான்
வெற்றிலைத் தட்டைத் தள்ளினான்.

போன ஐப்பசியில் கொம்பையா ரயிலேறினான்.
அண்ணனோடு வரப்புத் தகராறு,
அரிவாள் வரைக்கும் போனது ஒரு வெள்ளிக்கிழமை.
“பம்பாய்க்குப் போறேன்” என்றான்.
கரி எஞ்சின் விசில் ஊதியது, இந்தக் காலத்தில்.
அதோடு சரி. அவன் குரலே இல்லை.
கதை எழுதுகிறவருக்கு அவன் போய்விட்டான்.
எங்களுக்கு இனிமேல்தானே வரணும்.

விடிகாலை மூன்றுக்கு, ஆவிக்கு நடுவே பேச்சு.
தாதரா, குர்லாவா?
திருநெல்வேலி வண்டி என்றால் தாதர்தான்.
முதல் ராத்திரி யார் வீட்டுப் பரணில் படுத்தான்?
ஜெபசிங் அவனைத் தோல் பட்டறையில் சேர்த்துவிட்டார்.
இசக்கி ஒத்துக்கொள்ளவில்லை:
“அருவா பிடிச்ச கை, தேங்கா உடைக்கட்டும்.
நம்ம சைக்கிள் ஒண்ணு சும்மாதான நிக்கி,
மாட்டுங்கா வரைக்கும் ஹாரன் அடிச்சிட்டுப் போட்டும்.”
“இந்தி தெரியாதே?”
“சட்னிக்கு என்னட்டி இந்தி?”

ஒருநாள் அந்த அண்ணன்காரன் சொல்கிறான்,
பம்பாயில் மாசம் ஐந்நூறுக்கு வீடு கிடைக்குமாம்.
அன்றைக்கு இரண்டு ஈடு இட்லி குழைந்தது.
முனிசிபல் பள்ளியில் ஏழாவது வரை தமிழ் படித்தவள்
நான் ஒருத்திதான். கடிதம் எழுதினேன்.
‘ஐயா, ஐந்நூறு ரூபாய்க்கு இங்கே
பரண் ஏணியைக்கூடத் தரமாட்டார்கள்.
கொம்பையா எங்கள் பொறுப்பில் இருப்பதால்
இதைத் தெரிவிக்கிறோம்.’
பதில் இல்லை.

தை பிறந்ததும் அவன் பெண்சாதி பேசினாள்,
மைக்குக்கு மிக அருகில்:
ஒரு தாக்கல் இல்ல, ஒரு ரூவா இல்ல.
அந்த ஊர்ல எவளோ இருக்கா.
“இருப்பாதான்” என்றாள் புஷ்பலீலா, மறுநாள் மூன்று மணிக்கு.
“இல்லாம எப்படி?” என்றேன் நானும்.

வானமாமலை எங்கள் பேச்சில் சேரமாட்டார்.
கதை கேட்கவும் வரமாட்டார்.
டப்பாவில் இட்லி அடுக்கிக்கொண்டே
தலை நிமிராமல் சொன்னார்:
“எவளும் இருக்க மாட்டா.
மொத வருசம் அட்வான்ஸ் கட்டிருப்பான்.
ரெண்டாம் வருசம் மஞ்சக்காமால.
மூணாம் வருசம் கையில காசு இருக்கும்.
அப்ப அனுப்ப வெக்கமா இருக்கும்.”

அடுப்பு மட்டும் சீறியது.
கொம்பையா போய் ஐந்து மாசம்கூட ஆகவில்லை
என்று யாரும் சொல்லவில்லை.
இசக்கி கூடுதலாக ஒரு கரண்டி சட்னியை
அவர் தூக்கில் ஊற்றினாள்.
சைக்கிள் போயிற்று. தொண்ணூறடி ரோட்டில்
ஹாரன் இரண்டு தடவை கேட்டது.

இன்று காலையில் அவரே கேட்டார்:
“நேத்து என்ன சொன்னா?”
“அவன் பேச்சு வரல அண்ணாச்சி.
கோமாரி ஊசி எப்பப் போடணும்னு சொன்னா.
மாடு கத்திச்சு.”

“கத்தும்” என்றார்.
விட்ட இடத்திலிருந்து எண்ணினார்,
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.